வி.ஆரில் தரை எங்கே இருக்கிறது? இரத்மலானையில் செஸ்னா இறக்கிப் பழகிய பதிவு

பிரச்சினை இதுதான். வி.ஆர். என்கிற மெய்நிகர்க் காட்சி ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, கணினிச் சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை இறக்கும்போது, தரைக்கு மூன்று நான்கு மீற்றர் மேலேயே மூக்கைத் தூக்கிவிடுகிறேன். விமானம் அந்தரத்தில் வேகம் இழந்து, கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுப் பொத்தென்று விழுகிறது. அதே விமானத்தை, அதே ஓடுபாதையில், மேசையிலுள்ள சாதாரணத் திரையைப் பார்த்து இறக்கினால் சில்லு மெதுவாகத்தான் தொடுகிறது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழம் தெரியவைக்கிற சாமானை வாங்கிப் போட்டபிறகு ஆழம் கெட்டுப்போவதென்றால், எங்கேயோ ஏதோ ஒத்துப்போகவில்லை. அதைத் தேடிப் பிடித்த கதைதான் இந்தப் பதிவு. இரண்டு மூன்று இடத்தில் கணக்கு வரும். பள்ளிக்கூடக் கணக்குத்தான், பயப்பட வேண்டாம்.

இருக்கிற சாமான்கள்: வெள்ளவத்தை வீட்டில் சாமான் அறையாக இருந்த சின்ன அறை, குவெஸ்ட் 2 ஹெட்செட், ஆர்.டி.எக்ஸ். 3060 வரைகலை அட்டை போட்ட கணினி, மேசையில் இறுக்கிய யோக் என்ற விமானச் சுக்கான், காலுக்கு பெடல். சிமுலேட்டர் மைக்ரோசொஃப்டினுடையது. ஓடுபாதை எப்போதும் இரத்மலானை. 1935இல் தொடங்கிய இலங்கையின் முதல் விமான நிலையம், நீளம் ஏறத்தாழ 1,800 மீற்றர். வேறிடத்தில் பழகாததற்குக் காரணம், என் மாமா மகன் அங்கேதான் விமானம் ஓட்டப் படிக்கிறான். நான் சிமுலேட்டரில் கண்டதையும் அவன் நேரில் கண்டதையும் ஒப்பிட்டுக் கதைக்கலாம்.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஐ.பி.டி. சரியில்லை என்பதுதான். இரண்டு கண்மணிகளின் நடுவுக்கும் இடையிலான தூரம் அது. வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீற்றர் என்பார்கள். சிமுலேட்டர் இரண்டு கமராக்களை அந்த இடைவெளியில் வைத்து உலகத்தைப் படம்பிடித்து உங்கள் கண்ணுக்குத் தருகிறது. கமரா இடைவெளி உங்கள் கண் இடைவெளியைவிடக் கூடினால் உலகம் சிறுத்துத் தெரியும், குறைந்தால் பெருத்துத் தெரியும். அடிமட்டத்தை நெற்றியில் வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று அளந்தேன். நம்பிக்கை வராமல் கண்ணாடிக் கடையில் மெஷினிலும் பார்த்தேன். 60.

குவெஸ்ட் 2இல் லென்ஸ்களை 58, 63, 68 என்று மூன்று இடத்தில் நிறுத்தலாம். 60 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 63இல் வைத்தால் உலகம் கிட்டத்தட்ட ஐந்து வீதம் சிறுக்கும், 58இல் வைத்தால் மூன்று வீதம் பெருக்கும். கிட்டியது 58 என்பதால் அதில் வைத்தேன். இவ்வளவுக்குச் சிக்கல் ஒன்றும் பெரிதில்லை. அடுத்தது பெரிது.

எனக்குக் கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 3. ஹெட்செட்டுக்குள் திரை கண்ணுக்கு அருகில் இருந்தாலும், உள்ளே உள்ள லென்ஸ் அதை ஒன்றிரண்டு மீற்றர் தள்ளி இருப்பதுபோலத்தான் கண்ணுக்குக் காட்டும். ஆகவே கண்ணாடி இல்லாமல் எனக்கு எல்லாம் மங்கல். நல்ல கண்ணாடியை உள்ளே திணித்துக் கீறல் விழ வைக்க மனமில்லாமல், பழைய கண்ணாடி ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதன் லென்ஸ் மையங்களைக் கடைக்காரர் அளந்து புள்ளி வைத்துக் காட்டினார்: 64. என் கண்ணோ 60. நாள் முழுக்கப் போடுகிற கண்ணாடி என்றால் மூளை பழகிச் சமாளித்துவிடும். இது பறக்கும்போது மட்டும் போடுவது.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு. மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் அது ஒரு பட்டகம்போல வேலைசெய்து ஒளியை வளைக்கும். வளைவு எவ்வளவு என்பதற்குக் கண்ணாடிக்காரர்களின் கணக்கு எளிது: விலகலைச் சென்ரிமீற்றரில் எடுத்து லென்ஸின் பவரால் பெருக்க வேண்டும். எனக்கு ஒரு கண்ணுக்கு 2 மில்லிமீற்றர் விலகல், அதாவது 0.2 பெருக்கல் 3, ஆக 0.6. இரண்டு கண்ணுக்கும் 1.2. அந்த அளவில் 1 என்றால் ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு சென்ரிமீற்றர் நகர்வு. இப்போது விமானத்துக்குள் வருவோம். கருவிப் பலகை கண்ணிலிருந்து 70 சென்ரிமீற்றரில் இருக்கிறது என்று வைத்தால், அதைப் பார்க்க என் இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்ப வேண்டிய அளவு, கண் இடைவெளி 6 சென்ரிமீற்றர் வகுத்தல் 0.7 மீற்றர், சுமார் 8.6. பழைய கண்ணாடி அதில் 1.2ஐக் கழித்துவிடுகிறது. மிச்சம் 7.4, அது 81 சென்ரிமீற்றரில் உள்ள பொருளுக்கான திருப்பம். எட்டினால் தொடலாம் என்றிருக்கும் பலகை, கண் திரும்பும் அளவைப் பொறுத்தமட்டில், ஒரு சாண் குறைவாகத் தள்ளிப் போய்விடுகிறது.

ஐ.பி.டி. பற்றி விடிய விடியக் கதைப்பவர்கள் யாரும் ஹெட்செட்டுக்குள் போடுகிற கண்ணாடியின் மையத்தை அளந்ததாக நான் கேள்விப்படவில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் முதலில் அதைத்தான் அளக்க வேண்டும்.

திருத்தம் இப்படி. ஹெட்செட் லென்ஸின் மேல் அழுத்திப் பொருத்தும் வளையத்தின் வடிவக் கோப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முப்பரிமாண அச்சு செய்து தருகிற ஒருவரிடம் கொடுத்து இரண்டு வளையம் எடுத்தேன். முதல் சோடி கொஞ்சம் இறுக்கம். உள் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் சொடுக்கென்று உட்கார்ந்தது. லென்ஸ் வெட்டுவதற்கு, எண் பார்த்த கடையிலேயே கேட்டேன். இளம் பையன், சட்டென்று பிடித்துக்கொண்டான். வட்டமாக வெட்டு, ஆனால் லென்ஸின் மையத்தை வளையத்தின் நடுவில் வைக்காதே, ஒவ்வொன்றிலும் காதுப் பக்கமாக ஒரு மில்லிமீற்றர் தள்ளி வை என்றேன். ஹெட்செட் 58இல் நிற்கும்போது வளையங்களின் நடு 58. பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் தள்ளினால் லென்ஸ் மையம் 60. என் கண்ணுக்கு நேர்.

வட்ட லென்ஸ் வளையத்துக்குள் சுழலும். சுழன்றால் அந்த ஒரு மில்லிமீற்றர் மேலேயோ கீழேயோ போய்விடும். ஒரு கண்ணின் படம் உயர்ந்து மறு கண்ணின் படம் தாழ்ந்தால் தலையிடி நிச்சயம். பக்கவாட்டு விலகலைத் தாங்குகிற கண் மேல்கீழ் விலகலைத் தாங்காது. அதனால் லென்ஸ் விளிம்பில் காதுப் பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி, வளையத்திலும் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்து நிறுத்தி, நகப்பூச்சு ஒரு துளி விட்டேன். சுப்பர் குளூ போடவேண்டாம். அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும், பிறகு துடைத்தாலும் போகாது.

இனி, சரிவந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? "இப்ப நல்லா இருக்கு" என்று மனம் சொல்வதை நம்ப முடியாது, காசு செலவழித்தவனுக்கு எதுவும் நல்லாத்தான் இருக்கும். அளக்க ஒரு வழி வேண்டும்.

நான் செய்தது மூக்குச் சோதனையும் கைச் சோதனையும். விமானத்தைத் தரையில் நிறுத்தி, ஹெட்செட்டோடு முன்னே சாய்ந்து போய் என் மூக்கு சிமுலேட்டருக்குள் இருக்கிற யோக்கின் நடுவை முட்டுகிற இடத்தைப் பிடித்தேன். அங்கே மூக்கு நுனிக்கு நேரே நிசமான யோக் வரும்படி மேசையை நகர்த்தினேன். இப்போது இரண்டு யோக்கும் ஒரே இடத்தில். தலை நகர்ந்த தூரத்தை வைத்து அளந்ததால் கமரா இடைவெளி இதில் தலையிடாது. பிறகு நிசமான யோக்கைக் கழற்றி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கு நேரே மேசையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். கழற்றாமல் செய்தால் கை ஒருதரம் யோக்கைத் தொட்டதுமே உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த தரம் கண் பிழையாகச் சொன்னாலும் கை சரியாகப் போய்விடும். கதிரையில் நேராக இருந்து, கண்ணுக்குத் தெரிகிற யோக்கைத் தொடப்போவதுபோல விரலை நீட்டி, தொட்டேன் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். விரலுக்கும் டேப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இன்னொருவர் அளக்க வேண்டும். அந்த இன்னொருவர் என் மனைவி.

"இஞ்சையோ? உங்கடை கை டேப்பையும் தாண்டிக் காத்திலை நிக்குது."

"எவ்வளவு தாண்டி?"

"நாலு விரல் வரும். பொறுங்கோ, அடிமட்டத்தை வைக்கிறன்… ஏழரை."

அது பழைய கண்ணாடியோடு. புது வளையத்தோடு இரண்டு சென்ரிமீற்றருக்குள் வந்தது. பிறகு ஓப்பன்எக்ஸ்ஆர் டூல்கிட் என்ற மென்பொருளில் உலக அளவு என்கிற எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, விரல் டேப்புக்கு நேரே நிற்கும்வரை கொண்டுவந்தேன். இந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கமரா இடைவெளியைத்தான் மாற்றுகிறது. நீங்கள் முன்னே பத்துச் சென்ரிமீற்றர் சாய்ந்தால் சிமுலேட்டருக்குள்ளும் பத்துத்தான் சாய்வீர்கள், அதில் மாற்றம் இல்லை. ஆகவே "விமானம் பெரிசாத் தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்று எண்ணை இருபது வீதம் தூக்கிவிட்டால், இரண்டு கண்ணும் ஒரு தூரத்தைச் சொல்லும், தலையை ஆட்டும்போது தெரிகிற நகர்வு இன்னொரு தூரத்தைச் சொல்லும். வயிற்றைப் பிரட்டுவது அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு மூன்று வீதத் திருத்தத்துக்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

விமானத்துக்குள் இப்போது எல்லாம் பிசகில்லை. த்ரொட்டிலைப் பார்க்காமல் பிடிக்கிறேன், சுவிட்சுகள் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. பெட்டிக்குள் இருக்கிற உணர்வு போய் ஒரு சின்ன விமானத்துக்குள் தோள் இடிபட இருக்கிற உணர்வு வந்தது.

தரையிறக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அதே நாலு மீற்றர், அதே பொத்.

இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டி வந்தது. கறுப்புத் தடித்த தாளில் வட்டம் வெட்டி இடது லென்ஸை மூடிவிட்டு, ஒரு கண்ணால் மட்டும் இறக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணால் தெரிகிற ஆழத்தை வைத்துத்தான் இறக்குகிறேன் என்றால் இது படுமோசமாக வேண்டும். ஆகவில்லை. இரண்டு கண்ணால் இறக்கியதற்கும் ஒரு கண்ணால் இறக்கியதற்கும் வித்தியாசமே இல்லை. இரண்டும் ஒரேமாதிரி மோசம்.

கணக்குப் போட்டால் ஏன் என்று விளங்கும். குவெஸ்ட் 2இல் ஒரு பாகைக்குச் சுமார் 20 புள்ளிகள் விழும். ஒரு புள்ளி என்றால் பாகையில் இருபதில் ஒன்று. 60 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட இரண்டு கண்ணுக்கு, ஒரு பொருள் 70 மீற்றர் தாண்டினால் வலது படத்துக்கும் இடது படத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு புள்ளியிலும் குறைந்துவிடும். ஓரங்களை மழுப்பிக் காட்டுகிற வசதி அந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், பெரிதாக அல்ல. மூக்கைத் தூக்குகிற நேரத்தில் விமானி பார்ப்பதோ ஓடுபாதையின் மறுமுனையை, பல நூறு மீற்றர் தள்ளி. அங்கே இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான். நான் லென்ஸ் மையத்தில் திருத்திய அந்த நாலு மில்லிமீற்றருக்கு அங்கே வேலையே இல்லை.

நிச விமானத்திலும் இதேதான். வைலி போஸ்ட் என்ற அமெரிக்கருக்கு எண்ணெய்க் கிணற்று விபத்தில் இடது கண் போனது 1926இல். அதற்குப் பிறகுதான் அவர் 1933 ஜூலையில் தனியாக உலகத்தைச் சுற்றிப் பறந்தார். அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். பெரிய விமானக் கம்பனிகளின் விமானிகள் பயிலும் முழு சிமுலேட்டர்களில் வளைந்த பெரிய கண்ணாடி ஒன்று வெளிக்காட்சியை எல்லையற்ற தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும். இரண்டு கண்ணுக்கும் ஒரே படம், வி.ஆரில் உள்ளதுபோல் தனித்தனிப் படம் கிடையாது. அதில் இறக்கிப் பழகி நேரே பயணிகள் விமானத்துக்குப் போகிறார்கள்.

அப்படியானால் உயரத்தைக் காட்டுவது எது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வான்படைக்காக விமானிகளின் பார்வையை ஆராய்ந்த ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர், தரையின் அசைவில்தான் பதில் இருக்கிறது என்றார். நாம் போகிற புள்ளி அசையாமல் நிற்கும், மற்றதெல்லாம் அதிலிருந்து விலகி ஓடும். எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதிலிருந்து கண் உயரத்தையும் சரிவையும் படித்துக்கொள்ளும். அதற்கு ஒரு கண் போதும். ஆனால் அசைவு தெளிவாக இருக்க வேண்டும், தரையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மகன் வந்திருந்தான். ஹெட்செட்டைக் கொடுத்து இறக்கச் சொன்னேன். கடற்கரை, ரயில் பாதை, காலி நகருக்குப் போகிற வீதி என்று தாண்டி வந்தான். முதல் தரமே என்னைப் போலத்தான் மேலே தொங்கினான். கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினான்.

"அண்ணை, முன்னுக்கு எல்லாம் ஓகே. பக்கத்திலை லைட்டெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதே, அது உங்களுக்கும் அப்பிடியோ?"

எனக்கும் அப்படித்தான். பழகிப்போய்க் கவனிப்பதை விட்டிருந்தேன். கணினியால் ஒரு செக்கனுக்கு 72 படம் கொடுக்க முடியாதபோது ஹெட்செட் 36ஐ வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் காட்டியோ நடுவில் ஒன்றை ஊகித்து வரைந்தோ சமாளிக்கிறது. உயரத்தில் பறக்கும்போது இது உறுத்தாது, எல்லாம் மெதுவாகத்தான் நகர்கிறது. தரைக்கருகில் கதை வேறு. செஸ்னா 65 நொட் வேகத்தில் வந்தால் செக்கனுக்கு 33 மீற்றர். ஓடுபாதை ஓரத்து விளக்கு ஒன்று, நம் நேர்ப்பார்வையிலிருந்து 30 பாகை விலகி, 40 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைப்போம். அது செக்கனுக்கு 24 பாகை வேகத்தில் நகரும். ஒரே படத்தை இரண்டு தரம் காட்டினால் கண் அதைப் பின்தொடரும்போது இரண்டு விளக்காகத் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி பாகையில் மூன்றில் ஒன்று. அதே விளக்குக்கு இடது வலது கண் வித்தியாசம் பாகையில் பன்னிரண்டில் ஒன்றுதான். ஐ.பி.டி. திருத்தி நான் பெற்ற நுணுக்கத்தைப்போல நாலு மடங்கு பெரிய கலங்கல், சரியாகக் கண் உயரத்தைப் படிக்க வேண்டிய ஓரங்களில்.

கொன்ட்ரோல் விசையோடு நம்பர் பேடில் 1ஐ அழுத்தினால் இந்தச் சமாளிப்பு நின்றுவிடும். நின்றதும் கணினியின் உண்மையான நிலை தெரிந்தது, செக்கனுக்கு 45 படம், திக்கித் திக்கி. அதை 72க்குக் கொண்டுவர எதை வெட்டுவது என்பதுதான் வேலை. முகில்களை ஆகக் குறைவுக்கு இறக்கினேன், பெரிய இலாபம் அதில்தான். நிழல், தண்ணீரின் பிரதிபலிப்பு, தூரத்துக் கட்டடங்கள் எல்லாம் அடுத்தது. படத்தின் கூர்மையையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். கருவி எண்கள் முன்பு போலப் பளிச்சென்று இல்லை, வாசிக்கலாம். தொடாமல் வைத்தது தரையின் வடிவத் தெளிவும், சாய்வாகப் பார்க்கும்போது தரைப்படம் கரையாமல் காக்கிற அனிசொட்ரோபிக் வடிகட்டியும். அது பதினாறில். ஓடுபாதையில் சில்லுத் தேய்ந்த கறுப்புத் தடங்கள், ஒட்டுப்போட்ட தார், ஓரத்துப் புல் எல்லாம் தெரிய வேண்டும். அழகுக்காக அல்ல, அவைதான் அளவுகோல்.

பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாகத்தான் அமைக்கிறார்கள். முகில் முழுக்க, கட்டடம் முழுக்க, தரை மட்டும் மங்கல். படம் எடுத்துப் போட அது நல்லது.

72 நிலைத்ததும் விளக்குகள் ஒன்றாயின. உயரப் பிழை பாதிக்கு வந்தது. மிச்சப் பாதிக்குக் காரணம் நான் இருக்கும் விதம்.

சிமுலேட்டரில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் அந்த நேரத்தில் தலை இருக்கிற இடத்தை விமானியின் கண் இடமாக எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்து வந்து கதிரையில் சரிந்து கிடந்தபடி அதை அழுத்துவேன். இறக்கும்போது தானாகவே நிமிர்ந்துவிடுவேன், எல்லாரும் நிமிர்வார்கள். அடிமட்டம் வைத்துப் பார்த்தால் எட்டு சென்ரிமீற்றர் வித்தியாசம். அந்த எட்டும் சிமுலேட்டருக்குள் அப்படியே கூடும். கண் உயர்ந்தால் எஞ்சின் மூடிக்கு மேலால் கூடுதலான தரை தெரியும், மூக்குத் தாழ்ந்திருப்பதுபோல இருக்கும், கை தன்பாட்டில் பின்னுக்கு இழுக்கும். நிச செஸ்னாவில் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தி ஒரே கண் உயரத்துக்கு வருவது ஒவ்வொரு பறப்புக்கும் முந்திய வேலைகளில் ஒன்று என்று மாமா மகன் சொன்னான்.

கதிரையின் முதுகில் ஒரு பலகைத் துண்டை எல்-வடிவத் தகட்டால் இறுக்கினேன். நிமிர்ந்து இருந்தால் மட்டும் பின்தலை அதில் முட்டும். மேலே பழைய யோகா பாயில் வெட்டிய துண்டு. தலை முட்டினால்தான் ஸ்பேஸ். தகடும் திருகாணியும் புறக்கோட்டையில் வாங்கினேன், இந்த முழு வேலையிலும் மலிவான பகுதி அதுதான். பலனைப் பார்த்தால் லென்ஸுக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். இல்லை, தரையிறக்கத்தை மட்டும் எடுத்தால் லென்ஸுக்கும் முதல்.

அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது, எங்கே பார்ப்பது என்று. மாமா மகன் பக்கத்தில் நின்று கணினித் திரையில் என் தலை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் கிட்டக் கோட்டைப் பாக்கிறியள் அண்ணை. அதிலை வேகம்தான் தெரியும். பாதை முடியிற இடத்தைப் பாருங்கோ, ரெண்டு ஓரமும் தானா விரியிறது தெரியும்."

இதற்குப் பின்னால் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. ஓடுபாதையின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவதுபோலத் தெரியும். அங்கிருந்து ஓரக்கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை இரண்டே எண்கள் தீர்மானிக்கின்றன: பாதையின் பாதி அகலம், நம் கண் உயரம். எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதே வராது. 45 மீற்றர் அகலப் பாதையில் கண் 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் சாய்வு 66 பாகை. 5 மீற்றரில் 77. இரண்டு மீற்றரில் 85, ஏறத்தாழப் படுத்துவிடும். குடை விரிவதுபோல இரண்டு ஓரமும் விரிந்து படுக்கிற அந்தக் கடைசிப் பகுதியில்தான் மூக்கைத் தூக்க வேண்டும்.

அகலம் மாறினால் இதே கணக்கு ஏமாற்றும். 23 மீற்றர் அகலச் சின்னப் பாதையில் 5 மீற்றர் உயரத்தில் தெரிகிற சாய்வும் 45 மீற்றர் பாதையில் 10 மீற்றரில் தெரிகிற சாய்வும் கிட்டத்தட்ட ஒன்று. குறுகிய பாதையில் பழகியவர் அகலப் பாதைக்கு வந்தால் மேலேயே மூக்கைத் தூக்குவார். அகலத்தில் பழகியவர் குறுகியதுக்குப் போனால் தரை எதிர்பாராமல் வந்து முட்டும். விமானிகளுக்கு இது பாடமாகவே சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

தெற்குமேற்கிலிருந்து, கடல் பக்கமாக இரத்மலானைக்கு வரும்போது இன்னொன்றையும் கண்டேன். கடலுக்கு மேலே இருக்கும்வரை உயரமே தெரிவதில்லை. அசைவில்லாத தண்ணீர் இப்படித்தான் செய்யும். மிதவை விமானம் ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணாடித் தண்ணீரில் இறங்குவது தனிப் பாடம். கண்ணை நம்பாமல், ஒரே அளவான மெதுவான இறக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர் தானாக வந்து தொடும்வரை காத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் கொக்கலை ஏரியில் கட்டலினா என்ற படகு விமானங்களை இறக்கியவர்களுக்கு காற்றே இல்லாத காலைகளில் இந்தத் தலையிடி நிச்சயம் இருந்திருக்கும். சிமுலேட்டரில் தண்ணீரின் தரத்தை நானே குறைத்துவிட்டதால் கடல் இன்னும் வழுவழுப்பு. அதை ஒரு படி மட்டும் திரும்ப ஏற்றினேன், அலைக் கோடுகள் தெரியுமளவுக்கு. 72 அப்படியே நின்றது. ரயில் பாதையைத் தாண்டும்வரை உயரமானியைப் பார்த்துத்தான் வருகிறேன்.

இப்போதைய நிலவரம். பகலில் மூக்கைத் தூக்கும்போது உயரப் பிழை ஒரு மீற்றருக்குள், பல நேரம் அதிலும் குறைவு. இடது லென்ஸை மூடிக்கொண்டு இறக்கினாலும் அப்படியே வருகிறது, அதை வந்தவர்களுக்குச் செய்து காட்டுகிறேன். இரவில் இன்னும் சரியில்லை. பாதை விளக்குகள் மட்டும் தெரிகிறபோது தார்த் தடங்களும் புல்லும் கிடையாது, செஸ்னாவின் இறங்கு விளக்கு கொஞ்ச இடத்தைத்தான் காட்டுகிறது. இன்னொன்று பக்கப் பார்வை. ஹெட்செட்டில் அகலவாட்டில் 90 பாகைக்குச் சற்று மேல்தான் தெரியும், ஓரங்கள் படுக்கிற கடைசிக் கட்டத்தில் பாதி வெளியே போய்விடுகிறது. வளைய லென்ஸ் போட்டதால் கண்ணாடிச் சட்டத்துக்காக விட்டிருந்த இடைவெளி இனித் தேவையில்லை. முகத்தில் படுகிற பஞ்சைக் கழற்றிவிட்டு ஐந்து மில்லிமீற்றர் மெல்லிசானது போட்டால் கண் லென்ஸுக்குக் கிட்டப் போகும், கொஞ்சம் அகலம் கிடைக்கும். செருப்புத் தைக்கிற கடை ஒன்றில் அந்தத் தடிப்பில் பஞ்சுத் தாள் பார்த்து வைத்திருக்கிறேன். இமை லென்ஸில் உரசாமல் இருக்க வேண்டும், கொழும்பு வியர்வையில் லென்ஸ் ஆவி பிடிக்காமலும் இருக்க வேண்டும். மேல் விளிம்பில் மூன்று துளை போட்டுப் பார்க்கப் போகிறேன்.